மூலநிரலைத் தொகுக்கும்போது காணாமற்போகும் நிரலகங்கள்

ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுக்க முயன்று பாதியில் நின்றுபோனால், பெரும்பாலும் அந்த மென்பொருளின் நிரலில் குறை இருப்பதில்லை. அது நம்பியிருக்கும் வேறொரு நிரலகம் கணினியில் இல்லை, அல்லது இருந்தும் தொகுப்பியின் கண்ணில் படவில்லை. நூற்றுக்கணக்கான வரிகள் திரையில் ஓடிய பிறகு, ஏதோ ஒரு கோப்பு கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரியோடு எல்லாம் நின்றுவிடும். கட்டற்ற மென்பொருள் பக்கம் ஆர்வத்தோடு வரும் புதியவர்கள் மனம் சலித்துத் திரும்புவதும் பெரும்பாலும் இங்கேதான்.

இதற்கு வழி சொல்லும் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல, ஒரு கட்டளையைக் கொடுத்து ‘இதை அடியுங்கள், சரியாகிவிடும்’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. நாளைக்கு வேறொரு நிரலகம் காணாமற்போனால் அந்தக் கட்டளையால் பயனில்லை. ஆகவே, ‘இல்லை’ என்ற முடிவுக்குக் கணினி எப்படி வந்து சேர்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி. அதைப் புரிந்துகொண்டவருக்குத் தீர்வுகள் தாமாகவே பிடிபடும். இன்னொன்றும் தெரியவரும்: சத்தம் போட்டு நின்றுவிடும் தொகுப்பைவிட, ‘இல்லை’ என்பதை முணுமுணுத்துவிட்டு வெற்றிகரமாக முடியும் தொகுப்புதான் கூடுதல் கேடு விளைவிக்கிறது.

பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் ‘மேக்’ கருவியை எழுதினார். எந்தக் கோப்பு மாறியிருக்கிறதோ அதைச் சார்ந்தவற்றை மட்டும் மீண்டும் தொகுப்பது அதன் வேலை. கணினியில் வேறு என்னென்ன இருக்கின்றன என்ற கேள்வி அதற்கு இல்லை. பிறகு யூனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒரே மூலநிரலை அத்தனையிலும் தொகுக்க வேண்டிய தேவையிலிருந்து 1991-இல் டேவிட் மெக்கன்சி ஆட்டோகான்ஃபைத் தொடங்கினார். இன்றும் நாம் தொகுப்பின் முதல் படியாக இயக்கும் ‘கான்ஃபிகர்’ நிரல் அதிலிருந்து பிறப்பதே.

கான்ஃபிகர் ஒரு நிரலகத்தைத் தேடும் முறை எளிமையானது. அந்த நிரலகத்தின் ஏதாவது ஒரு செயற்கூறை அழைக்கும் சிறிய சி நிரல் ஒன்றை அது தானே எழுதுகிறது. அதைத் தொகுத்து இணைத்துப் பார்க்கிறது. வேலை நடந்தால் ‘உண்டு’, நடக்காவிட்டால் ‘இல்லை’. பட்டியல் எதையும் நம்பாமல் செய்து பார்த்தே தீர்ப்புச் சொல்வதால், யாரும் முன்கூட்டி அறியாத கணினியிலும் இது வேலை செய்கிறது. அதே காரணத்தால் ஒரு பிழையும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. சோதனை தோற்பதற்கு நிரலகம் இல்லாதது ஒரு காரணம் மட்டுமே. 64 பிட் தொகுப்புக்கு 32 பிட் நிரலகம் கிடைத்திருக்கலாம். தொகுப்பிக்குக் கொடுத்த கொடி ஒன்று தவறாக இருக்கலாம். தொகுப்பியே சரியாக நிறுவப்படாமல் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் திரையில் வரும் சொல் ஒன்றுதான்.

இத்தகைய தவறான தீர்ப்பு அண்மைக்காலத்தில் பெரிய அளவில் நடந்தது. அறிவிக்கப்படாத செயற்கூறை அழைப்பது சி மொழியின் 1999 தரத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. இருந்தும் தொகுப்பிகள் நெடுங்காலம் ஓர் எச்சரிக்கையோடு அதை விட்டுக்கொடுத்தன. 2023-இல் கிளாங் 16-உம் 2024-இல் ஜிசிசி 14-உம் அதைப் பிழையாகவே ஆக்கின. பழைய கான்ஃபிகர் நிரல்கள் எழுதும் சோதனை நிரல்கள் பல இந்தத் தளர்வை நம்பியே இருந்தவை. அவை தொகுபடாமல் தோற்றன. கணினியில் நன்றாகவே இருந்த வசதிகளை ‘இல்லை’ என்று எழுதிவைத்தன. ஃபெடோரா லினக்ஸ் திட்டத்தினர் இத்தகைய பொதிகளைத் தேடித் திருத்துவதைத் தனி முயற்சியாகவே செய்ய வேண்டியிருந்தது.

அதனால் திரையில் வரும் தீர்ப்போடு நிற்காமல், கான்ஃபிகர் எழுதிவைக்கும் ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். எந்தச் சோதனை நிரல் எழுதப்பட்டது, தொகுப்பி என்ன பதில் சொன்னது என்பதெல்லாம் அதில் அப்படியே இருக்கும். கோப்பின் கடைசிப் பகுதி முழுக்க மாறிகளின் பட்டியல். அங்கே பார்த்துவிட்டுப் பலர் ஒன்றும் புரியவில்லை என்று மூடிவிடுகிறார்கள். தோற்ற சோதனையின் பெயரைக் கொண்டு தேடினால் சரியான இடம் கிடைக்கும். சிமேக், மெசான் போன்ற பிந்தைய கருவிகளும் இதே போன்ற பதிவுகளை வைத்திருக்கின்றன.

இனி, நிரலகம் உண்மையிலேயே கிடைக்காத நிலைமைகள். முதலில் பலரையும் குழப்புவது, நிரலகம் நிறுவப்பட்டிருந்தும் கிடைக்கவில்லை என்று வரும் செய்தி. எடுத்துக்காட்டாக, மறையாக்க நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் கணினியில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் நிரல்கள் ஓடிக்கொண்டும் இருக்கின்றன; ஆனாலும் தொகுப்பு ‘இல்லை’ என்கிறது. காரணம், ஓடும் நிரலுக்குத் தேவையானதும் தொகுக்கும் நிரலுக்குத் தேவையானதும் வேறுவேறு. ஓடும் நிரலுக்கு நிரலகத்தின் பைனரி கோப்பு போதும். தொகுப்பதற்கு அதன் தலைப்புக் கோப்புகள் வேண்டும். பதிப்பெண் ஒட்டாத பெயரில் இணைப்பி தேடும் கோப்பு வேண்டும். எந்தக் கொடிகளோடு இணைக்க வேண்டும் என்று பிகேஜி-கான்ஃபிக் கருவிக்குச் சொல்லும் சிறு கோப்பும் வேண்டும். சாதாரணப் பயனருக்கு இவை தேவையில்லை என்பதால் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்கள் இவற்றைத் தனியே பிரித்து, ‘-டெவ்’ என்று முடியும் பொதியில் வைக்கின்றன. ஃபெடோராவிலும் ஓப்பன்சூசேயிலும் அது ‘-டெவெல்’. ஆர்ச் லினக்ஸ் பொதுவாகப் பிரிப்பதில்லை. அங்கே நிரலகத்தை நிறுவினாலே எல்லாம் வந்துவிடும். ஆர்ச்சில் எழுதிய வழிமுறை உபுண்டுவில் உதவாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைச் செய்தியின் வடிவமே காட்டிக்கொடுக்கும். ‘.எச்’ என்று முடியும் கோப்பு இல்லை என்றால் தொகுப்பி நின்றிருக்கிறது. டெவ் பொதி வேண்டும். நிரலகத்தின் பெயரோடு சிறிய ‘எல்’ ஒட்டி, கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் நின்றது இணைப்பி. ஒரு செயற்கூறுக்கு வரையறை இல்லை என்று இணைப்பி சொன்னால் நிலைமை வேறு: நிரலகம் கட்டளையில் சேர்க்கப்படவே இல்லை, அல்லது வரிசை தவறி முன்னால் சேர்க்கப்பட்டிருக்கிறது, அல்லது பதிப்பு பொருந்தவில்லை. நிலைநிரலகங்களை இணைப்பி இடமிருந்து வலமாகப் படிப்பதால், பயன்படுத்தும் கோப்புக்குப் பின்னால்தான் நிரலகம் வர வேண்டும். இந்த இடத்தில் புதுப் பொதி எதையும் நிறுவிப் பயனில்லை.

தேவையான கோப்பு எந்தப் பொதியில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பெயரை ஊகிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது அடிக்கடி ஏமாற்றும். இசட்லிப் என்ற சுருக்க நிரலகத்தின் பொதி டெபியனில் ‘இசட்லிப்1ஜி-டெவ்’. நடுவில் இருக்கும் ‘ஜி’ 1990-களில் சி நிரலகம் மாறிய காலத்தின் எச்சம். ஊகித்து அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. டெபியன் குடும்பத்தில் ‘ஏபிடி-ஃபைல்’ என்ற கருவி, இன்னும் நிறுவப்படாத பொதிகளுக்குள்ளும் கோப்பின் பெயரைத் தேடித் தரும். ஃபெடோராவின் ‘டிஎன்எஃப்’ இதைத் தன் ‘புரொவைட்ஸ்’ கட்டளையால் செய்கிறது. அதோடு, பிகேஜி-கான்ஃபிக் அறிந்த பெயரைச் சொன்னாலே அதற்குரிய பொதியை அது நிறுவிக்கொடுக்கும். பொதியின் பெயரைத் தேடி அலையும் வேலையே இதனால் இல்லாமல் போகிறது. எனக்குத் தெரிந்த ஏற்பாடுகளில் மிகவும் நேர்த்தியானது இதுதான்.

இவற்றையெல்லாம்விடக் குறுகிய வழி ஒன்று உண்டு. நாம் தொகுக்க விரும்பும் மென்பொருளின் பழைய பதிப்பாவது வழங்கலில் இருக்குமானால், அதைப் பொதியாக்கியவர் சார்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார். ‘ஏபிடி பில்ட்-டெப்’ கட்டளை அந்தப் பட்டியலில் உள்ள அத்தனையையும் ஒரே தடவையில் நிறுவுகிறது. ஃபெடோராவிலும் இதற்கு இணையான கட்டளை இருக்கிறது. உபுண்டுவில் இது வேலை செய்ய, மூலப்பொதிகளுக்கான களஞ்சிய வரி இயக்கப்பட்டிருக்க வேண்டும். பல நிறுவல்களில் அது அணைந்தே இருக்கும். பட்டியல் பழைய பதிப்புக்கானது என்பதால் புதிதாகச் சேர்ந்த ஒன்றிரண்டு சார்புகள் விடுபடலாம். அவற்றை மட்டும் கையால் தேடிக்கொள்ளலாம். பெயர் வெளியே தெரியாமல் பொதி பராமரிக்கும் தன்னார்வலர்களின் பல ஆண்டு உழைப்பு இந்த ஒரு கட்டளைக்குள் இருக்கிறது. பிழைச்செய்தி ஒவ்வொன்றாக வர வர ஒவ்வொரு பொதியாக நிறுவிக்கொண்டிருப்பவர்களுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெயர்கள் நிலையானவையும் இல்லை. 32 பிட் கணினிகளின் நேர எண் 2038-இல் நிரம்பிவிடும் என்பதால், டெபியனும் உபுண்டுவும் 2024-இல் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றின. அப்போது பல ஓட்ட நிரலகங்களின் பொதிப் பெயர்களில் ‘டி64’ என்ற வால் சேர்ந்தது, உபுண்டு 24.04-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் பொதிப் பெயரும் அப்படி மாறியது. முன்பே 64 பிட் நேரம் கொண்டிருந்த கணினிகளிலும் பெயர் மாறிவிட்டதால், பழைய வழிமுறைகள் சில ‘அப்படியொரு பொதியே இல்லை’ என்ற பதிலைப் பெற்றன. டெவ் பொதிகளின் பெயர்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன.

பதிப்புப் பொருந்தாமைக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லே நல்ல எடுத்துக்காட்டு. அதன் 3.0 பதிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. உபுண்டு 22.04 அதை ஏற்று, 1.1 வரிசையைக் கைவிட்டது. ரூபி மொழி 3.1 பதிப்பில்தான் புதிய ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குத் தயாரானது. ஆகவே ரூபி 2.7 அல்லது 3.0-ஐ உபுண்டு 22.04-இல் தொகுக்கப் போனவர்கள், டெவ் பொதி கைவசம் இருந்தும் தோற்றார்கள். அப்போது இரண்டு குறுக்கு வழிகள் பரவலாகக் கைமாறின. புதிய நிரலகக் கோப்புக்குப் பழைய பெயரில் ஓர் இணைப்பு உண்டாக்குவது ஒன்று. அதை ஒருபோதும் செய்யக்கூடாது. கோப்புப் பெயரின் வாலில் உள்ள எண், உள்ளே இருக்கும் செயற்கூறுகளின் அமைப்பு மாறிவிட்டது என்று நிரலகத்தை எழுதியவர் அறிவித்த எண். அதை மறைத்தால் நிரல் தொடங்கும்போதே விழலாம்; அதைவிட மோசமாக, விழாமல் தவறாக ஓடலாம். பழைய உபுண்டுவின் பொதியைக் கொண்டுவந்து புதியதில் நிறுவுவது மற்றொன்று. 1.1.1 பதிப்புக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டதால், அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அதில் அடைபடாது. பழைய ரூபி வேண்டியே தீரும் என்றால், பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தனிக் கோப்புறையில் தொகுத்து, ரூபியின் கான்ஃபிகருக்கு அந்த இடத்தை மட்டும் காட்டுவதே பொறுப்பான வழி. கணினியின் மற்ற நிரல்கள் அதைத் தொடாமல் இருக்கும்.

தொகுப்பு முடிந்து நிறுவியும் ஆன பிறகு, நிரலை ஓட்டும்போது நிரலகம் கிடைக்கவில்லை என்று வருவதும் உண்டு. கையால் நிறுவும் நிரலகங்கள் வழக்கமாக ‘யுஎஸ்ஆர்/லோக்கல்’ கோப்புறைக்குள் போகும். ஓட்டநேர ஏற்றி, தன் தற்காலிகப் பட்டியலைப் பார்த்தே நிரலகங்களைத் தேடுகிறது. ‘எல்டிகான்ஃபிக்’ கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஒருமுறை இயக்கினால் பட்டியல் புதுப்பிக்கப்படும். பெரும்பாலும் அதோடு சிக்கல் தீர்ந்துவிடும். சூழல் மாறியில் கோப்புறையின் பாதையை எழுதி அதை நிரந்தரமாக்கும் பழக்கம், தொடர்பே இல்லாத வேறு நிரல்களையும் தவறான நிரலகத்தோடு சேர்த்துவிடும். சோதித்துப் பார்க்க அது போதும். நிலையான ஏற்பாட்டுக்கு ஆகாது.

இதுவரை சொன்னவை எல்லாம் வேலையை நிறுத்தும் பிழைகள். நிறுத்துவதால் தெரிகின்றன, தெரிவதால் தீர்கின்றன. கட்டாயமில்லாத சார்புகள் இப்படி இல்லை. ஒரு நிரலகம் இல்லையென்றால் அதைச் சார்ந்த வசதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தொகுக்கும்படி பல மென்பொருள்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். பைத்தானை மூலத்திலிருந்து தொகுத்தவர்களுக்கு இதன் விளைவு தெரியும். பைத்தான் 3.7 முதல், லினக்ஸில் லிப்எஃப்எஃப்ஐ நிரலகத்தைக் கணினியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. முன்பு போலத் தன்னுடன் வரும் பிரதியைப் பயன்படுத்துவதில்லை. அதன் டெவ் பொதி இல்லையென்றாலும் தொகுப்பு நிற்காது. எந்தெந்தக் கூறுகள் விடுபட்டன என்று முடிவில் சில வரிகள் சொல்லிவிட்டுப் போகும். சில மாதம் கழித்து வேறேதோ பொதியை நிறுவும்போது ‘சிடைப்ஸ்’ என்ற கூறு இல்லை என்று வரும். அப்போது டெவ் பொதியை நிறுவினால் மட்டும் போதாது; பைத்தானையே மறுபடி தொகுக்க வேண்டும். எஸ்எஸ்எல், எஸ்கியூலைட், பிஇசட்2 என்று இந்தப் பட்டியல் நீளும்.

தமிழோடு புழங்குபவர்களைத் தொடும் எடுத்துக்காட்டு பைத்தானின் பட நிரலகமான பில்லோ. ஜேபெக், இசட்லிப் இரண்டும் இல்லாமல் பில்லோ இயல்பாகத் தொகுபடாது, நின்றுவிடும். ஆனால் எழுத்துகளை மொழிக்கேற்ப அடுக்கும் ராக்ம் நிரலகமும் அதன் கீழே இருக்கும் ஹார்ஃப்பஸும் கட்டாயமில்லை. அவை இல்லாமல் தொகுத்த பில்லோவும் படத்தில் எழுத்தை வரையும். எழுத்துருவில் உள்ள வடிவங்களை யூனிகோடு வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அதனால் குறையில்லை. தமிழில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் வர வேண்டியது வலப்பக்கம் போய் உட்காரும். ‘கு’, ‘கூ’ போன்ற எழுத்துகளின் கூட்டுவடிவம் உண்டாகாமல் உகரக் குறி தனியே தொங்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. ‘பிப்’ தொகுப்பின் வெளியீட்டை இயல்பாக மறைத்துவிடுவதால், வசதிகளின் பட்டியலில் ராக்ம் இல்லை என்று எழுதியிருந்தாலும் யார் கண்ணிலும் படாது. நன்றாகத் தமிழ் எழுதும் ஒரு நிரல் இன்னொரு கணினியில் சிதைந்த தமிழை அச்சிட, எழுத்துருவில் குறை இருக்குமோ என்று அதை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. பில்லோவிடமே அதன் வசதிகளைப் பட்டியலிடச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. அங்கே ராக்ம் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். தமிழுக்கு இது கட்டாயமான சார்பு. கட்டாயமில்லை என்று வகுத்தவர்கள் இலத்தீன் எழுத்தை மட்டும் மனத்தில் வைத்திருந்தார்கள் போலும்.

அமைதியான ‘இல்லை’யை ஒருவர் வேண்டுமென்றே உண்டாக்கவும் முடியும். 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று செருகப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்தினார். அதை இயக்கிவைக்கும் பகுதி பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக் கோப்பில் மட்டும், கான்ஃபிகர் நிரலை உண்டாக்கும் கோப்புகளுக்கு நடுவே இருந்தது. பரவலாகப் பேசப்பட்டது அந்தப் பின்கதவுதான். அதே திட்டத்தின் சிமேக் கோப்பில் வேறொரு வேலையும் நடந்திருந்தது. லினக்ஸ் கருவகத்தின் லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலில் ஒரே ஒரு புள்ளி கூடுதலாக வைக்கப்பட்டிருந்தது. அந்தப் புள்ளியால் சோதனை நிரல் எந்தக் கணினியிலும் தொகுபடாது. தொகுபடாததால் ‘இல்லை’ என்ற தீர்ப்பு. அந்தத் தீர்ப்பால் பாதுகாப்பு வசதி இல்லாத தொகுப்பு. சோதனை தோற்றால் வசதி இல்லை என்று பொருள்கொள்ளும் மரபை முழுமையாகப் புரிந்துகொண்ட ஒருவர் அதைத் திருப்பிப் பயன்படுத்தியிருக்கிறார்.

கண்ணில் பட்டால் சேர்த்துக்கொள்வது, படாவிட்டால் விட்டுவிடுவது என்ற போக்கை ஜென்டூ லினக்ஸ் பராமரிப்பாளர்கள் நெடுங்காலமாகவே குறையாகக் கருதி வருகிறார்கள். பயனர் வேண்டும் என்றால் வேண்டும். வேண்டாம் என்றால் கணினியில் இருந்தாலும் சேர்க்கக்கூடாது என்பது அவர்கள் கட்சி. மெசான் கருவியும் ஒவ்வொரு வசதிக்கும் ‘கட்டாயம்’, ‘கூடாது’, ‘தானியங்கி’ என மூன்று நிலைகளை வைத்திருக்கிறது. ‘கட்டாயம்’ என்று கேட்ட வசதிக்கு நிரலகம் கிடைக்காவிட்டால் தொகுப்பு நின்றுவிடும். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. பிறருக்குக் கொடுக்கவோ வழங்கியில் ஓட்டவோ தொகுக்கிறவர், தமக்கு வேண்டிய ஒவ்வொரு வசதியையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

சார்புகள் வட்டமாகவும் அமையும். எழுத்துருவை வரையும் ஃப்ரீடைப், தன் நுண்ணமைப்பைச் சீராக்க ஹார்ஃப்பஸைப் பயன்படுத்திக்கொள்ளக்கூடியது. ஹார்ஃப்பஸோ ஃப்ரீடைப்பைப் பயன்படுத்துகிறது. மூலநிரலிலிருந்தே லினக்ஸை எழுப்பக் கற்றுத்தரும் லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் திட்டத்தின் தொடர்நூல் இதற்கு வழி சொல்கிறது: ஹார்ஃப்பஸ் இல்லாமல் ஃப்ரீடைப்பைத் தொகுத்து, பிறகு ஹார்ஃப்பஸைத் தொகுத்து, மறுபடி ஃப்ரீடைப்பைத் தொகுப்பது. சார்புகளைத் தேவையானவை, பரிந்துரைக்கப்படுபவை, விருப்பமானவை என்று அந்நூல் பிரித்துக்காட்டும் விதம், எந்த வழங்கலைப் பயன்படுத்துபவருக்கும் உதவக்கூடியது.

இத்தனை தொல்லை எதற்கு, எல்லா நிரலகங்களையும் மென்பொருளோடு சேர்த்தே கொடுத்துவிடலாமே என்ற கேள்வி பழையது. 2002 மார்ச்சில் இசட்லிப்பின் 1.1.3 பதிப்பில், ஒரே நினைவிடத்தை இருமுறை விடுவிக்கும் ஓட்டை வெளியானது. பொதுவான இசட்லிப்பைப் பயன்படுத்திய நிரல்களுக்கு ஒரே ஒரு பொதியை மாற்றியது போதுமானதாக இருந்தது. தன் வயிற்றுக்குள் இசட்லிப்பின் பிரதியை வைத்திருந்த ஒவ்வொரு நிரலையும் தேடிக் கண்டுபிடித்து, தனித்தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. இன்றைய கொள்கலன்களும் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தள்ளித்தான் போடுகின்றன. உள்ளே இருக்கும் நிரலகங்களை யார் புதுப்பிப்பது என்பதற்கு ஒருவர் பொறுப்பேற்றே ஆக வேண்டும். நிக்ஸ் என்ற பொதி மேலாண்மைக் கருவி வேறு பாதையில் போகிறது. எல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதன் அடிப்படை விரிவாக இருக்கிறது. ஒவ்வொரு நிரலகமும் தன் உள்ளீடுகளிலிருந்து கணக்கிட்ட தனி முகவரியில் இருக்கும். அறிவிக்காத எதுவும் தொகுப்பின் கண்ணில் படாது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் இரண்டு பதிப்புகள் சண்டையில்லாமல் ஒரே கணினியில் வாழலாம். கற்றுக்கொள்ளக் கடினமானது என்பது உண்மை. ஆனால் தற்செயலாகக் கிடைத்ததைக் கொண்டு தொகுப்பது அங்கே நடக்காது.

இன்னும் தீராமல் நிற்பது பெயர்ச் சிக்கல். பைத்தான் பொதி ஒன்று தனக்கு வேண்டிய மற்ற பைத்தான் பொதிகளை முறையாக அறிவிக்க முடிகிறது. தனக்கு லிப்எஃப்எஃப்ஐயோ ராக்மோ வேண்டும் என்று சொல்லப் பொதுவான இடமோ பெயரோ இருந்ததில்லை. வாசிக்கும் மனிதருக்காக விளக்கக் கோப்பில் எழுதிவைப்பதே வழக்கம். 2023-இல் முன்வைக்கப்பட்ட பெப் 725 என்ற முன்மொழிவு, இத்தகைய வெளிச்சார்புகளையும் பொதியின் விவரக் கோப்பிலேயே கருவிகள் படிக்கும்படி எழுத வழி தேடுகிறது. ஒரு பொதுப்பெயரை டெபியனின் பெயராகவும் ஃபெடோராவின் பெயராகவும் ஹோம்புரூவின் பெயராகவும் மாற்றித்தரும் அட்டவணையை யார் பராமரிப்பது என்பதுதான் அதில் கடினமான பகுதி. அதுவரை ஒரு திட்டத்தை வெளியிடுபவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: எதுவும் நிறுவப்படாத புதிய கணினிப் படிமத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தன் மென்பொருளைத் தானே தொகுத்துப் பார்ப்பது. தன் கணினியில் எப்போதோ நிறுவி மறந்துபோன டெவ் பொதிகள் எவையெவை என்று அப்போது தெரிந்துவிடும்.